பிறர் வீட்டுச் சுவரில் ஒரு பிளக்

மின்சாரக் கார் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு எளிய பதில் உண்டு. மழையில் சார்ஜ் போடலாமா, பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும், நெடுஞ்சாலையில் எங்கே நிறுத்துவது. ஒரு கேள்விக்கு மட்டும் நான் இதுவரை கேட்ட பதில் எதுவும் எனக்குத் திருப்தியாக இல்லை. வீட்டுச் சுவரில் பொருத்திய சார்ஜர் இருக்கிறது. வழியில் வேகச் சார்ஜர்கள் இருக்கின்றன. இதற்கு மேலும், கையில் தூக்கிச் செல்லும் சார்ஜர் ஒன்றை வாங்கிக் காரின் பின்பெட்டியில் சும்மா போட்டு வைத்திருக்க வேண்டுமா?

விற்பவரிடம் கேட்டால் "வச்சிக்கிட்டா நல்லதுதானே" என்பார். கணக்குப் பார்ப்பவர் "வருசத்துக்கு ஒரு தடவைகூட தொடமாட்டே, காசு தண்டம்" என்பார். ஒருவர் பயத்தை நிறுக்கிறார், மற்றவர் பணத்தை நிறுக்கிறார். அந்தப் பிளக்கை எந்தச் சுவரில், யாருடைய சுவரில் செருகப்போகிறோம் என்பதை இருவருமே பேசுவதில்லை. அதைத்தான் நான் இங்கே பேச நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு முனையில் நம் வீட்டு மூன்று கால் பிளக். மறுமுனையில் காரில் செருகும் 'டைப் 2' தலை. நடுவில் செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி. பெயர்தான் சார்ஜர். வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் உண்மையான சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. நடுவில் உள்ள பெட்டி ஒரு காவல்காரன் மட்டுமே. எவ்வளவு இழுக்கலாம் என்று காருக்குச் சொல்லும். கசிவு இருந்தால் துண்டிக்கும். சுவரில் எர்த் கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்றும் பல பெட்டிகள் சோதித்துப் பார்க்கும். இல்லையென்றால் வேலை செய்ய மறுத்துவிடும்.

கணக்கும் எளிதுதான். 10 ஆம்பியர், 230 வோல்ட் என்றால் 2.3 கிலோவாட். 60 யூனிட் கொள்ளும் பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். இரவு 9 மணிக்குச் செருகிக் காலை 7 மணிக்குப் பிடுங்கினால் 23 யூனிட் இழுத்திருக்கும். இடையில் வீணாவது போக, 120 அல்லது 130 கிலோமீட்டர் ஓடலாம். கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் போய்த் திரும்பும் தூரம்.

இதை வைத்துப் பார்த்தால் 'அவசரத்துக்கு உதவும்' என்று சொல்லி விற்பது பாதிப் பொய். கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், இரண்டு பக்கமும் காடு நிற்கும் இடத்தில் பேட்டரி தீர்ந்துபோனால் இந்தக் கம்பியால் ஒரு பயனும் இல்லை. அங்கே செருகச் சுவர் இல்லை. மனிதர் குடியிருக்கும் இடத்தில், அதுவும் ஓர் இரவு தங்க முடிகிற இடத்தில்தான் இதற்கு வேலை. ஆகவே இது விருந்தாளியின் பொருள். முக்கியமான இன்னொன்று, இதற்குள் ஒரு துளி மின்சாரமும் கிடையாது. பவர்பேங்க் மாதிரி எதையும் சேர்த்து வைத்திருக்காது. இது காலியான பாத்திரம்.

உபரியாக ஒன்றை வைத்துக்கொள்ளும் பழக்கம் கார்களுக்குப் புதிதல்ல. 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அவர்கள் கடை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்கள் இன்றும் உபரிச் சக்கரத்தை ஸ்டெப்னி என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டெப்னி தரும் நிம்மதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நடு ரோட்டில் டயர் பஞ்சரானால் யாரிடமும் கேட்க வேண்டாம். இறங்கி, மாற்றி, போய்க்கொண்டே இருக்கலாம். தகர டின்னில் பெட்ரோல் வைத்திருந்தவருக்கும் அதே நிம்மதிதான். அது தன்னுள் நிறைந்த உபரி. சார்ஜர் அப்படியல்ல, பிறர் கையில் இருப்பதை வாங்கித்தான் அது பயன்பட முடியும்.

இந்த வேறுபாடு நம் ஆட்களுக்குச் சிறிய விஷயமல்ல. ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்தவர்கள் வளர்த்த வீடுகளில் நாம் வளர்ந்தோம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த என் பாட்டி, எழுபதுகளில் அரிசிக்குப் பஞ்சமே இல்லாதபோதும் கட்டிலுக்கு அடியில் இரண்டு டின் அரிசி வைத்திருந்தார். எங்கள் தோட்டத்து ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதன் பிறகு வெளிச்சம் வேண்டுமென்றால் சொந்த மண்ணெண்ணெய், சொந்தத் திரி. அம்மா மெழுகுவர்த்தி தீர்ந்துபோக ஒருநாளும் விட்டதில்லை. கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் பெயர் இருந்தால் சம்பள நாள் முழுச் சம்பள நாளாக இருக்காது. கங்காணி வீட்டு வாசலில் போய் நிற்பது என்றால் என்ன என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். ஆகவே "யாரு கையையும் எதிர்பாக்காம வாழணும்" என்பதுதான் அவர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் ஒழுக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானில் வீடு வாங்கியதும், அதன் வாசலில் கார் நிறுத்தியதும் அந்த ஒழுக்கத்தின் வெற்றிகள்.

மின்சாரக் கார் வாங்கிய ஒருவர் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஒரு சார்ஜரைப் பின்பெட்டியில் வைக்கும்போது, கட்டிலுக்கு அடியில் அரிசி டின் வைத்த அதே கைதான் அதை வைக்கிறது. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பசியை மறக்காத எச்சரிக்கை மரியாதைக்குரியது. ஆனால் பாட்டியின் டின்னில் அரிசி இருந்தது. நம் பையில் இருப்பது வெறும் கம்பி. யாரையும் எதிர்பார்க்காமல் இருப்பதற்காக வாங்கிய பொருளே யாரையாவது எதிர்பார்க்க வைக்கிறது.

அப்படியென்றால் சொந்தக் காலில் நிற்பது என்பது கார் விஷயத்தில் எப்போதாவது உண்மையாக இருந்ததா? 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு, கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல், மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவர் செய்த வண்டியை ஓட்டிப் போனார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அதுதான் காரின் முதல் நெடும்பயணம். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் நின்று, கறை நீக்கப் பயன்படும் லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தன் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தோல் அடித்து வாங்கினார். உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று அந்த மருந்துக்கடையை இன்றைக்குக் கொண்டாடுகிறார்கள். முதல் பயணத்திலேயே கார் பிறர் கதவைத் தட்டித்தான் ஊர் போய்ச் சேர்ந்தது. பின்னால் வந்த நூறு ஆண்டுகளில் ஊருக்கு ஊர் பம்பு வைத்து, பணத்தை நீட்டி, முகத்தைக்கூடப் பார்க்காமல் நிரப்பிக்கொள்ளப் பழகியதால் அந்தத் தட்டுதல் நமக்கு மறந்துவிட்டது.

1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி மாலை தீபகற்ப மலேசியா முழுக்க மின்சாரம் போனது. அப்போது நம் சாலைகளில் மின்சாரக் கார் இல்லை. ஆனாலும் மின்சாரம் இல்லையென்றால் பெட்ரோல் பம்பும் ஓடாது. எல்லோரும் ஒரே கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதை வருடக்கணக்கில் மறந்திருக்க முடிகிறது, அவ்வளவுதான்.

சரி, கேட்பது தவிர்க்க முடியாதது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கேள்வி மாறுகிறது. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

பேராக்கில் ஒரு பழைய தோட்டத்தின் ஓரத்தில் என் பெரியம்மா தனியாக இருக்கிறார். போன ஆண்டு ஒரு காரியத்துக்காக அங்கே இரவு தங்கினேன். கம்பியை எடுத்துக்கொண்டு அவரிடம் கேட்டதும் சிரித்தார். "ஏய்யா, இதுக்கெல்லாம் கேக்கணுமா? நீ பாட்டுக்கு சொருகிக்கோ." எனக்கு அந்தச் சம்மதம் போதவில்லை. அந்த வீட்டு வயரிங்கைப் பெரியப்பா காலத்தில் யாரோ தெரிந்தவர் இழுத்துக் கொடுத்தார். முன்னறையில் இருந்த ஒரே பிளக்கில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டில் பத்து நிமிடம் இழுப்பதை இந்தக் கம்பி பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய பிளக்கில் தொடுப்பு தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகும், கருகும், சில நேரம் பற்றிக்கொள்ளும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயர் இன்னும் மோசம். "சொருகிக்கோ" என்று பெரியம்மா சொன்னபோது அவருக்குத் தெரிந்தது ஃபேனும் டிவியும் இழுக்கும் மின்சாரம். அவர் எதற்குச் சம்மதித்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பின்னறையில் இருந்த தனி பிளக்கைச் சோதித்து, பெட்டியில் 8 ஆம்பியருக்குக் குறைத்து வைத்து, ஆறு மணி நேரம் மட்டும் போட்டேன். அரை மணிக்கு ஒருமுறை பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். 11 யூனிட். பணமாகப் பார்த்தால் ஐந்து வெள்ளி. காலையில் பத்து வெள்ளியை நீட்டியபோது பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன பெட்ரோல் ஸ்டேசனா வச்சிருக்கேன்?"

அந்தக் கேள்வியைப் பல நாள் யோசித்தேன். பணம் கொடுத்துவிட்டால் நான் கடனாளி இல்லை. பெரியம்மா அதைத்தான் மறுத்தார். உறவு என்பது கணக்கு முடியாமல் இருப்பது. கணக்கை முடிப்பது உறவை முடிப்பது மாதிரி. அதே சமயம், மாதக் கடைசியில் மின்கட்டண ரசீதைப் பிரித்துப் பார்ப்பவர் அவர்தான். லட்சம் வெள்ளிக்கு மேல் போகும் கார்கள் பலவும் உள்ள இந்தச் சந்தையில், காரில் வந்து இறங்குகிறவன் ஓய்வூதியத்தில் வாழ்பவரின் சுவரில் கம்பியைச் செருகுகிறான். அவர் 'முடியாது' என்று சொல்லப்போவதில்லை. பண்பாடு அவர் வாயை முன்பே கட்டி வைத்திருக்கிறது. மறுக்க முடியாதவரிடம் கேட்பதைக் கேட்பது என்று சொல்லலாமா? வார்த்தை கேள்வி போல இருக்கிறது, உள்ளே இருப்பது எடுத்துக்கொள்வது.

இதற்கு நேர் எதிரான இன்னோர் ஆளும் உண்டு. நண்பரின் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தபோது, கார் நிறுத்துமிடத்தில் என் கம்பியைப் பார்த்த காவலாளி, தூணுக்குப் பின்னால் தரை கழுவும் எந்திரத்துக்காக வைத்திருந்த பிளக்கைக் காட்டினார். "பாஸ், இங்க போடு, ஒன்னும் இல்ல." நல்ல மனிதர். ஆனால் அந்த மின்சாரம் அவருடையது அல்ல. அங்கே குடியிருக்கும் அத்தனை பேரும் மாதாமாதம் கட்டும் பராமரிப்புப் பணத்தில் ஓடுவது. அகப்பட்டால் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவருக்கு வேலை போகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரியம்மாவால் மறுக்க முடியாது, காவலாளியால் கொடுக்க முடியாது. இரண்டு இடத்திலும் கிடைப்பது ஒரே 230 வோல்ட்தான். கோயில் மண்டபத்தில் செருகிவிட்டு உண்டியலில் ஐம்பது வெள்ளி போடுகிறவரையும் இதே வரிசையில் வைப்பேன். உண்டியலில் போட்ட பணம் அனுமதி ஆகாது. நிர்வாகத்தில் ஒருவரைப் பார்த்து, அவர் இல்லை என்று சொல்ல வாய்ப்புக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

திருக்குறளில் 106ஆம் அதிகாரம் 'இரவு', 107ஆம் அதிகாரம் 'இரவச்சம்'. கேட்கத் தக்கவரைக் கண்டால் கேட்பதில் இழிவில்லை என்கிறது முதலாவது. கேட்பதையே அஞ்சச் சொல்கிறது அடுத்தது. பள்ளியில் படித்தபோது இது முரண்பாடாகத் தெரிந்தது. இன்று அப்படித் தோன்றவில்லை. அச்சம் இல்லாமல் கேட்பவன் பிறர் வீட்டைத் தன் வீடாக நினைக்கிறான். அச்சத்தால் கேட்கவே கேட்காதவன் பிறரைத் தனக்குத் தேவையற்றவர்களாக நினைக்கிறான். இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படிக்கிறவனுக்குத்தான் கேட்கும் முறை தெரியும்.

உபரி வைத்திருப்பவனின் அறத்தைப் பற்றி ஒரு பழைய கதை மத்தேயு நற்செய்தியில் இருக்கிறது. மணமகனுக்காகக் காத்திருக்கும் பத்துக் கன்னியர். ஐவர் விளக்கோடு உபரி எண்ணெயும் கொண்டுவந்தார்கள், ஐவர் கொண்டுவரவில்லை. இல்லாதவர்கள் கேட்டபோது, இருந்தவர்கள் தர மறுத்தார்கள். கொடுத்தால் இருவருக்குமே போதாமல் போய்விடும். கதை அவர்களைப் புத்திசாலிகள் என்கிறது. அது விழிப்பைப் பற்றிச் சொன்ன கதை, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மறுப்பு எனக்கு எப்போதும் உறுத்தும். எண்ணெய் கொடுத்தால் குறையும், ஆகவே அந்த மறுப்புக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. சார்ஜர் கொடுத்தால் குறையாது. இங்கே விற்கப்படும் கார்களில் பெரும்பாலானவை ஒரே டைப் 2 தலையைத்தான் ஏற்கின்றன. புரோட்டோன்காரரின் கம்பி பிஒய்டிகாரருக்கும் பொருந்தும். காலியாக இருப்பதே இந்தப் பாத்திரத்தின் நல்ல குணம். உள்ளே எதுவும் இல்லாததால் பதுக்குவதற்கும் எதுவும் இல்லை.

பாத்திரம் என்றதும் மணிமேகலை நினைவுக்கு வருகிறது. ஆபுத்திரன் கையில் இருந்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. பஞ்சத்தில் தவித்த சாவக நாட்டுக்கு, அதாவது நம் பக்கத்து ஜாவாவுக்கு, அவன் கப்பல் ஏறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு. கையில் வற்றாத உணவு. தான் ஒருவன் மட்டும் தின்று உயிரோடு இருக்க அவனுக்கு மனமில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறந்தான். பிறகு அதே பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தபோதும் தானாக நிறையவில்லை. புகார் நகரத்தில் ஆதிரை என்ற பெண் முதல் பிச்சை இட்ட பிறகுதான் அது சுரக்கத் தொடங்கியது. உலகத்துக்கே சோறு போடும் பாத்திரம்கூட முதலில் ஒருத்தி வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது.

இப்போது தொடக்கக் கேள்விக்கு என் பதிலைச் சொல்ல வேண்டும். 2025க்குள் நாடு முழுக்க 10,000 பொதுச் சார்ஜர்கள் என்று அரசு வைத்த இலக்கு எட்டப்படவில்லை. தீபாவளிக்கோ நோன்புப் பெருநாளுக்கோ ஊர் திரும்புகிறவர்கள் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். ஊரில் இரவு முழுக்க மெதுவாக நிரப்பிக்கொண்டு கிளம்புகிறவர் அந்த வரிசையில் ஓர் இடத்தைக் காலி செய்கிறார். பின்னிருக்கையில் கைக்குழந்தையோடு வந்தவருக்கு அந்த இடம் கிடைக்கும். அந்த அளவில், ஒன்று வைத்திருப்பது பயத்தின் செயல் மட்டுமல்ல. ஆகவே என் பதில், வைத்திருக்கலாம். ஒன்று போதும். 'அதுவும் கெட்டுப்போனா?' என்று இரண்டாவதை வாங்கினால் அந்தப் பயத்துக்கு முடிவு கிடையாது. செம்பும் பிளாஸ்டிக்கும் பெட்டிக்குள் மக்காமல் கிடக்கும்.

வைத்திருப்பவருக்குச் சில கடமைகளும் உண்டு. எந்தச் சுவரில் செருகினாலும் அந்த வீட்டுக்காரர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். "பெரியம்மா, இது ராத்திரி பூரா கெட்டில் ஓடுற மாதிரி. வயரு பழசு. வேணாம்னா சொல்லிடுங்க, காலையில டவுன்ல போட்டுக்குவேன்." வேறு வழி எனக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால்தான் அவரால் மறுக்க முடியும். ஆகவே பேட்டரியில் டவுன் வரை போகுமளவுக்கு மிச்சம் வைத்துக்கொண்டு போய்க் கேட்பதுதான் நேர்மை. முழுக்கத் தீர்ந்த பிறகு வாசலில் போய் நின்றால் அது கேள்வி இல்லை, கட்டாயம். பணம் வாங்காத வீட்டுக்குக் கைம்மாறு வேறு விதமாகப் போக வேண்டும். நான் அடுத்த முறை போனபோது தெரிந்த வயர்மேன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் முன்னறை பிளக்கை மாற்றிக் கொடுத்தேன். பெரியம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வயர்மேனுக்கும் சேர்த்துச் சோறு போட்டார்.

பிறகு, கேட்கிறவருக்கு அதைக் கொடுக்கவும் வேண்டும். பின்பெட்டியில் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடப்பதை ஓர் இரவு அடுத்த வீட்டுக்காரருக்கோ தங்குவிடுதியில் பார்த்த அறிமுகமில்லாதவருக்கோ கொடுக்க மனம் வராவிட்டால் நாம் வைத்திருப்பது மணிபல்லவத்துப் பாத்திரம்தான்.

யார் கையையும் எதிர்பார்க்காதே என்று சொல்லிக் கொடுத்தவர்களை நான் மறுக்கவில்லை. அவர்கள் எதிர்பார்த்து நின்ற கைகள் அப்படிப்பட்டவை. கொடுத்ததைக் கணக்கில் எழுதிவைத்து, வட்டியோடு மானத்தையும் கேட்ட கைகள். அந்தக் கைகளிடமிருந்து தப்பியாக வேண்டியிருந்தது, தப்பினோம். ஆனால் எல்லாக் கைகளிடமிருந்தும் தப்பிவிட வேண்டும் என்று நாமாகவே அதை நீட்டிக்கொண்டோம். ஒரு தாமானில் இருபது ஆண்டு குடியிருந்தும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி கேட்கத் தயங்கி ஆளுக்கு ஓர் ஏணி வாங்கி வைத்திருக்கிறோம். இந்தக் கம்பியையும் அந்த ஏணிகளின் வரிசையில் வைக்கப்போகிறோமா என்பதை வாங்கும் முன்பு ஒருமுறை யோசித்துக்கொள்ளலாம்.